வாலில்லாத ஒன்பது

இந்த ஒன்பதுக்கு வால் இல்லை.

ஞானசெல்விக்கு முதலில் தோன்றியது அதுதான். ஐயோ என்றோ சேசுவே என்றோ மனம் சொல்லவில்லை. லாங் ஐலண்ட் தீவில், அவள் வேலை பார்க்கும் டிஸ்பென்சரியின் மர மேசையில், மரம் வெட்டும் கஸ்பார் கிடந்தான். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியாதபடி நசுங்கியிருந்தது. சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். முகம் முழுசாக இருந்தது. நெற்றியின் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒன்பது என்று தொடங்கி ஒன்பதாக முடியாத ஓர் எண். தோலைக் கிழித்துக்கொண்டு எலும்புவரை பதிந்திருந்தது.

வெட்டிய மரத்தின் அடியில் அந்த வட்டத்தைப் பலமுறை பார்த்திருக்கிறாள். மரம் எந்தக் காண்ட்ராக்டருடையது என்று தெரிவதற்காக, முகத்தில் எழுத்து வார்த்த மார்க்காச் சுத்தியலால் ஒவ்வொரு கட்டையிலும் ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். மரம் வெட்டுகிறவர்களின் முகாமைக் காம்பு என்பார்கள். காம்புக்கு ஒரு சுத்தியல், சுத்தியலுக்கு ஓர் எண். ஒன்பதாம் எண் சுத்தியல் போன வருசம் யானைச் சங்கிலியில் தவறிப் பட்டு வால் உடைந்தது. அது அவள் புருசன் சிலுவைராஜின் சுத்தியல்.

"என்ன பாத்துட்டு நிக்குற? தொடச்சு விடும்மா" என்றார் கம்பவுண்டர் கிருஷ்ணமூர்த்தி. பிணத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மழையில் கட்டை உருண்டு மரணம். காம்பு மேஸ்திரி சொன்னது அப்படித்தான். "வெயில் ஏறுறதுக்குள்ள பெட்டியில வைக்கணும்."

கார்பாலிக் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். மண் போயிற்று, மரத்தூள் போயிற்று. துடைக்கத் துடைக்க எண் தெளிவாயிற்று. பிறகு அவள் கை ஒரு காரியம் செய்தது. காஸ் கட்டுத் துணியை எடுத்து நெற்றியைச் சுற்றி மூன்று சுற்றுக் கட்டி, காதுக்கு மேலே முடிச்சுப் போட்டது.

"செத்தவனுக்கு எதுக்குக் கட்டு?"

"ஒழுகுது சார்."

ஒழுகவில்லை. கழுவி முடித்த புண்ணில் ரத்தமே இல்லை. அந்தப் பொய் எங்கிருந்து அத்தனை சுலபமாக வந்தது என்று அவள் பிறகு பலநாள் யோசித்தாள். புருசனைக் காப்பாற்றவா? அப்படித் தீர்மானித்ததாக ஞாபகமில்லை. பார்க்கச் சகிக்காமல் மூடினாள் என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுவும் முழு உண்மை இல்லை.

அன்று சாயங்காலம் சிலுவைராஜ் தன் சட்டையைத் தானே துவைத்தான். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் அவன் சட்டை துவைத்து அவள் பார்த்ததில்லை.

"குடுங்க, நான் கசக்குறேன்."

"வேண்டாம்ட்டி. போய்ச் சோறு வை."

சோற்றில் கை வைத்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்த அப்படிப் பாக்கே?" என்றான். அவள் கண்ணை எடுக்கவில்லை. தட்டு சுவரில் பட்டது. அதற்குப் பிறகு கை. அந்த மழைக்காலம் முழுக்க அவன் அடித்ததற்குக் காரணம் இருந்ததில்லை. உப்பு, விறகு, கதவு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுவான். அவள் கண்ணைத்தான் அடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ. அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அந்த வீட்டில் அதோடு சேர்ந்து படுக்க வேண்டும்.

'நடவாதவை' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை அப்போது தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்தது. போர்ட் பிளேரில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்த பாலசுப்பிரமணியம் ஆரம்பித்தது. "இந்தத் தீவுல நடந்ததைச் சொல்ல ஆள் நிறைய இருக்கு. நடக்காததைச் சொல்லத்தான் ஆளில்லை" என்பது அவர் பேச்சு. ஆகவே விதி ஒன்றுதான்: கதையோ கவிதையோ, நடந்திராததாக இருக்க வேண்டும். இதில் உள்ள எதுவும் நடந்ததில்லை என்று அட்டையிலேயே போட்டிருக்கும். சிப்பிகாட் பண்ணையிலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் வருகிற தாள்களை அவர் திருத்தி லாங் ஐலண்டுக்கு அனுப்புவார். ஞானசெல்வி அவற்றை நீள நோட்டில் ஒரே பிரதியாக எழுதித் தைப்பாள். தூத்துக்குடி கான்வென்டில் எட்டாவது வரை படித்த கை. அவள் எழுத்து அச்சைவிட நன்றாக இருக்கும் என்று எல்லாத் தீவிலும் பெயர். எல்லாருடைய கதையும் அவள் எழுத்திலேயே வருவதால், புனைபெயருக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. நோட்டு கப்பலில் ஏறி ஒவ்வொரு துறையிலும் இறங்கிக் கை மாறிப் படிக்கப்பட்டு, ஆறேழு வாரம் கழித்துத் திரும்பும். கடைசியில் எட்டுப் பக்கம் வெறுமையாக விட்டிருப்பாள். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதுவார்கள்.

ஏழாவது இதழ் ஜூலையில் வந்தது. கடல் வற்றிப் போனபின் கப்பல்கள் நண்டுபோல நடந்து கல்கத்தா போகும் கதை ஒன்று. நிலாவில் தென்னை வைத்தவனின் மனைவி பாடுவதாக ஒரு கவிதை. எழுதி முடித்தபோது நான்கு பக்கம் குறைந்தது. மாயாபந்தர் வாத்தியார் தருவதாகச் சொன்ன கதை வரவில்லை. நீங்களே எதையாவது போட்டு நிரப்புங்கள் என்று பாலசுப்பிரமணியம் எழுதியிருந்தார்.

ஒரு மத்தியானத்தில் நிரப்பினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. கதை இரண்டாயிரத்து அறுபத்து நான்காம் வருசம் நடந்தது. அந்த நாட்டில் யார் யாரை அடித்தாலும், அடித்தவனின் பெயர் அடிபட்டவரின் தோலில் தானாக எழுதிக்கொள்ளும். பிள்ளைகள் கன்னத்தில் வாத்தியார் பெயர். பெண்கள் முதுகில் புருசன் பெயர், சீலைக் கரைபோல வரிவரியாக. ஆகவே அந்த நாட்டில் துணி வியாபாரம் கொழித்தது. ஒருநாள் ஒரு பிணத்தைக் கழுவ வந்தவள் அதன் நெற்றியில் இருந்த பெயரைப் பார்த்து, ஒரு கட்டுப் போட்டாள். கட்டின்மேல் பெயர் வந்தது. இன்னொரு கட்டு. அதன்மேலும் வந்தது. ஊரில் இருந்த துணியெல்லாம் சுற்றினாள். தலை பானையாகி, பானை பாறையாகி, பிணத்தை வாசல் வழியே கொண்டுபோக முடியாமல் சுவரை இடித்தார்கள். இடித்த சுவரிலும் அந்தப் பெயர் இருந்தது. கழுவியவளின் கையை வெட்டச் சொன்னான் ராஜா. வெட்டிய கை துடித்துக்கொண்டே தரையில் அந்தப் பெயரை எழுதியது.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் எந்தப் பெயரும் போடவில்லை. சின்னதாக ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போட்டாள். நாட்டை மாற்றியிருந்தாள், நூற்றாண்டை மாற்றியிருந்தாள், ஆணுக்கு ராஜா என்றும் பெண்ணுக்கு ஒருத்தி என்றும் பெயர் வைத்திருந்தாள். அந்த ஒன்பதை மட்டும் பார்த்தபடியே வரைந்தாள். பிறருடையதைப் பிசகாமல் பார்த்தெழுதிப் பழகிய கை. எட்டாக்க ஒரு கோடு போதும். கப்பல் போன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தபோது பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

செப்டம்பரில் கப்பல் வந்த அன்று நோட்டு அவள் கைக்கு வரவில்லை. கப்பல் அணையும் ஜெட்டியில் மேஸ்திரி கோவிந்தராஜ் வாங்கிக்கொண்டார் என்றார்கள். சேலத்துக்காரர். கதை படிக்கிற ஆள் இல்லை.

பகல் மூன்று மணிக்கு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். மேஸ்திரி குடையை மடக்கிக் கதவில் சாத்தி, கதவையும் சாத்தினார். சிலுவைராஜ் நோட்டை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். அவனுக்குப் படிக்க வராது. நான்கு பக்கக் கதையில் ஒரு வரிகூட அவனால் படிக்க முடியாது. வட்டத்தின்மேல் விரலை வைத்திருந்தான்.

"இது என்னது?"

"கதை."

"இது என்னதுன்னு கேட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் நோட்டின் முதுகு தாடையில் விழுந்தது. சுவரில் போய் மோதினாள். கூந்தலைப் பிடித்து இழுத்து முகத்தைத் தரைக்கு அழுத்தினான். "எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதானே? என் எழுத்து எனக்குத் தெரியாதா? நாசமாப் போறவளே, எனக்குத் தெரியாதா?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மிதி. விலா எலும்பு ஒன்று உள்ளே சுள்ளியைப்போல ஒடிந்ததை அவள் கேட்டாள். வலி பிறகுதான் வந்தது. அவன் அழுதுகொண்டே மிதித்தான். அவள் இடது கையைத் தலைக்குக் கொடுத்தாள். அவன் பூட்ஸ் அதன்மேல் இறங்கியது, இரண்டு விரல் பின்னுக்கு மடங்கியது.

"டேய், வலது கையை விட்டுடு" என்றார் மேஸ்திரி. கத்தவில்லை. "அது வேணும்."

சிலுவைராஜ் நின்றான். மூச்சு வாங்கியது. கடமுடவென்று போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தான்.

"எந்திரி தங்கச்சி. பாய்ல உக்காரு" என்றார் மேஸ்திரி. அவரே கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார், வலது கையை. "உன் கதை படிச்சேன். மூணு இடத்துல சிரிச்சிட்டேன், நெசமா. துணி வியாபாரம்னு எழுதின பாரு, அங்க. ஆனா கடைசிப் பக்கம் பாத்தியா? இத படி. சத்தமாப் படி, உம் புருசனுக்கும் இன்னொருதரம் கேக்கட்டும்."

கருத்துப் பக்கம். வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு அவள் படித்தாள். நண்டுக் கப்பல் பிரமாதம், ஆனால் டீசல் எங்கே ஊற்றுவார்கள் என்று ஒருவர். தோலில் பெயர் வருகிற கதையை என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டியிருக்கக்கூடாது, இப்போது சண்டை என்று இன்னொருவர். அதன்கீழே கோணல்மாணலாக, வரி விட்டு வரி ஏறி, வேறொரு கை:

'நான் கஸ்பார் பொண்டாட்டி ஜெயமணி. இப்போ மாயாபந்தரில் அண்ணன் வீட்டில் இருக்கேன். இது கதை இல்லை. இந்த முத்திரையை என் வீட்டுக்காரர் நெத்தியில் பார்த்தேன். பெட்டி மூடும் முன்னே நெத்திக் கட்டை அவிழ்த்து முத்தம் குடுத்தேன். அப்போ பார்த்தேன். நான் சொன்னால் யாரும் நம்பலை, துக்கத்தில் பேசுறா என்கிறார்கள். இதை எழுதினவங்களும் பார்த்திருக்காங்க.'

"இத மாயாபந்தர் போலீஸ்ல ஒரு ஆபீசர் சாப் படிச்சிட்டான்" என்றார் மேஸ்திரி. "தமிழ் ஆளு, நம்ம கெரகம். நோட்டத் திருப்பிக் குடுத்துட்டு, சனிக்கிழமை கப்பல்ல வரேன், பொணத்தக் கழுவினவங்களப் பாக்கணும்னிருக்கான். அதனால இதக் கிழிக்கவும் முடியாது, அடுப்புல போடவும் முடியாது. கம்பவுண்டர் எழுதிக் குடுத்தாச்சு. காம்புப் பசங்க வாயத் தெறக்க மாட்டாங்க, கூலி எங்கிட்ட. ஜெயமணி பேச்சு எடுபடாது. பாக்கி நீ ஒருத்தி."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இவ எழுதினதுக்குக் கீழ எடம் இருக்குதில்ல? அங்க எழுது. சப் ஜூட், எல்லாம் பொய், கற்பனைன்னு எழுது. எம் புருசன் சுத்தியல வீட்டுல பாத்திருக்கேன், வெளையாட்டா வரைஞ்சேன். பொணத்து நெத்தியில ஒண்ணும் இல்ல, கட்டைல அடிபட்ட காயம், அதுக்குத்தான் கட்டுப் போட்டேன். கீழ உம் பேரு, தேதி. முத்து முத்தா எழுதுவியே. பஸ், அவ்வளவுதான். சனிக்கிழமை வர்றவன் படிச்சிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவான்."

ஞானசெல்வி புருசனைப் பார்த்தாள். அவன் பானைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். மரம் வெட்டத் தீவுக்குப் போகிறேன், கூட வாறியா என்று மணப்பாட்டுக் கடற்கரையில் கேட்டவன். கடல் பிடிக்காது என்று கப்பலேறி வந்து, கடலுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டவன்.

"கஸ்பார எதுக்கு அடிச்சீங்க?"

மூன்று மாதமாகக் கேட்காதது. கேட்ட பிறகு அவ்வளவு கடினமாக இல்லை.

"வேணும்னு இல்லட்டி." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மழைல சரிவுல கட்டை உருட்ட மாட்டோம்னான். ரெண்டு பேரு கால் போயிட்டு, இனிமே முடியாதுன்னு கட்டை மேல ஏறி உக்காந்துட்டான். பயலுவ அம்புட்டுப் பேரும் அவன் பின்னால. மேஸ்திரி என்னைய அனுப்பினாரு. இறங்குலேன்னேன். சிரிச்சான். சொந்தப் பேரு எழுதத் தெரியாதவன் ஊர்ல உள்ள மரத்துக்கெல்லாம் பேரு எழுதுறான் பாருங்கலேன்னான். எல்லாவனும் சிரிச்சானுவ. ராஞ்சிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, அவனும் சிரிச்சான்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "கையில சுத்தியல் இருந்துச்சு."

ஒரே அடி. மரத்துக்கு அடிப்பதுபோல, நேராக. அவனுக்குத் தெரிந்த ஒரே எழுத்து.

அவள் அதைக் கண்ணால் கண்டதுபோல் இருந்தது. கஸ்பார் கட்டையிலிருந்து மல்லாந்து விழுவது. சிரித்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பது. அந்த இடத்தில் அவளுக்குப் புருசன்மேல் இரக்கம் வந்தது. அதை அவள் மறைக்கவில்லை, தன்னிடமிருந்துகூட. ஒரு கணத்தில் கை ஓங்கியவன். அவனைத் தூக்கில் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. இதோடு முடிந்திருந்தால் எழுதியிருப்பாளோ? எழுதியிருக்கலாம். அவளுக்குத் தன்னைப்பற்றி அவ்வளவு உயர்ந்த எண்ணம் ஒன்றுமில்லை.

ஆனால் டிஸ்பென்சரியில் ஐந்து வருசமாக ரத்தம் துடைக்கிறவளுக்கு ஒரு கணக்குத் தெரியும். கஸ்பாரின் இடுப்புக்குக் கீழே போட்டிருந்த சாக்கு இரண்டுமுறை மாற்றியும் நனைந்தது. செத்த உடம்பை நசுக்கினால் அத்தனை ரத்தம் வராது.

"கட்டைய உருட்டினப்போ மூச்சு இருந்துச்சா?" என்றாள்.

சிலுவைராஜ் மேஸ்திரியைப் பார்த்தான். வீட்டுக்குள் அந்தப் பார்வை ஒன்றுதான் அசைந்தது.

"பழைய பேச்சு எதுக்கு தங்கச்சி" என்றார் மேஸ்திரி.

"முனகினான்" என்றான் சிலுவைராஜ் திடீரென்று. "தண்ணின்னு கேட்டான். தூக்கிட்டுப் போயிருவோம்னுதான் சொன்னேன். இவருதான் யானையக் கூட்டியாரச் சொன்னாரு. பொழைச்சா வெவகாரம்னாரு. பயலுவள அதுக்கு முன்னாடியே காம்புக்கு வெரட்டியாச்சு. யானை தள்ள மாட்டேன்னு நின்னுது. ரெண்டுதரம் குத்தித்தான்..."

மேஸ்திரி எழுந்து அவன் வாயில் அறைந்தார். பெரிய ஆள் ஒரு பிள்ளையை அறைவதுபோல, புறங்கையால். சிலுவைராஜ் அறையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை மிதித்த கால்கள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"வாய வச்சிட்டு இரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி இறங்கியிருந்தது. "பாத்தியா, இவன் தாங்க மாட்டான். சனிக்கிழமை அவன் கேக்குறதுக்குள்ள இவனே கொட்டிருவான். அதான் நீ இப்பவே எழுதி முடிச்சிடணும்ங்குறேன். நீ எழுதிட்டா அவன் இவன்கிட்ட வரவே மாட்டான். இவன் போனா உனக்கு இங்க யாரு இருக்கா? டிஸ்பென்சரி வேலைய நான் இருக்க விடுவேனா? மெயின்லேண்ட்ல யாரு இருக்கா? யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மணப்பாட்டில் அம்மா செத்தாயிற்று. இந்த வீடு காம்பு வீடு. விலா குத்தியது. இடது கையில் மடங்கிய விரல்கள் வீங்கி வேறு யாருடையதையோ போல் இருந்தன. இதற்குமேலும் அடிக்க இவர்களிடம் சக்தி இருக்கிறது, சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

தண்ணீர் கேட்டிருக்கிறான்.

மேஸ்திரி நோட்டை அவள் மடியில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, வலது கை விரல்களுக்கு நடுவில் வைத்தார். ஜெயமணியின் கோணல் எழுத்துக்குக் கீழே முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுத வேண்டியது அவள் மனதில் வரிசையாக வந்து நின்றது. எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எந்த வரியில் பெயர் வர வேண்டும் என்பதுகூட. நன்றாக எழுதலாம். யார் படித்தாலும் நம்புவார்கள். ஜெயமணியின் எழுத்து அதற்குப் பக்கத்தில் பைத்தியக்காரியின் எழுத்துபோல் தெரியும்.

சிலுவைராஜ் பானைக்குப் பக்கத்திலிருந்து மெல்லக் கூப்பிட்டான். "செல்வி." கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி. "எழுதிரு செல்வி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுதிவிடுவாள் என்று தெரிந்தது.

"என்னம்மா, வார்த்தை வரலியா?" என்றார் மேஸ்திரி. "நான் சொல்றேன், நீ எழுது. ஜல்தி."

"வார்த்தையெல்லாம் வருது" என்றாள் ஞானசெல்வி. பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள். "நான் எழுதல."